கனகம் தலை வைத்த திசை

வடக்குப்பட்டு கனகத்தைப் போலத் தூங்கத் தெரிந்த ஆள் ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமில்லாத நாளில் மேல்கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவாள். டிரைவர் பிரேக் அடித்தால் மற்ற பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். கனகம் மட்டும் முற்றிய நெற்கதிர்போல் ஒரு ஆட்டம் ஆடி, பழையபடி நிமிர்ந்து, குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒருமுறை பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் புடவைத் தலைப்பு நழுவியபோது, கண்ணைத் திறக்காமலே தன் வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாளாம். இதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி சத்தியம்.

இத்தனை திறமையை வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கைப்பட்டது எங்கே என்று கேளுங்கள். மணிமங்கலத்தில் பிறந்தவளை வடக்குப்பட்டு தணிகாசலத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தணிகாசலம் சாது. அவன் அம்மா சொர்ணம்மாளுக்குத்தான் ஒரு சட்டம் இருந்தது.

"வெளக்கு வெக்கிறதுக்கு முன்னாடி பொம்பள முதுவு தரையில படக் கூடாது. பட்டா, லச்சுமி எழுந்து போய்கினே இருப்பா."

அந்த வீட்டில் லட்சுமி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எப்போதும் தயாராக நின்றாள் போலிருக்கிறது. கனகம் காய்ச்சலில் படுத்தபோதுகூட, மாமியார் வந்து முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "செடிதான் வாடிப்போச்சோன்னு பாத்தேன்" என்றாள்.

நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வடக்குப்பட்டில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்தார்கள். கனகம் சேர்ந்தது கார்களுக்கு வைப்பர் செய்யும் தொழிற்சாலையில். ஊரில் அதற்கு வைப்பர் கம்பெனி என்றுதான் பெயர். கார் கண்ணாடியில் மழையைத் துடைக்கும் ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்கிப் போடுவது அவள் வேலை. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள், கேன்டீனுக்குப் பின்னால் ஒரு காட்சியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, நிழலில் வரிசையாகப் பெண்கள் படுத்திருந்தார்கள். பட்டப்பகலில்! வானம் இடிந்து விழவில்லை. லட்சுமி யாரும் வெளியேறியதாகவும் தெரியவில்லை.

கனகம் ஒரு அட்டையை எடுத்து விரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக வெயில் நேரத்தில் காலை நீட்டினாள். கோழி கூவுமுன் எழுந்து, எருமைக்குத் தண்ணி காட்டி, குழம்பு வைத்து, முதல் ஷிப்ட் பஸ்ஸைப் பிடித்து ஓடி வருகிறவளுக்கு, ஒரு நாளில் தனக்கென்று இருந்த பொழுது அந்த அட்டை அகலம்தான். அதில் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள், எதுவும் கேட்க மாட்டார்கள். வருஷங்கள் ஓடின. அட்டைகள் மாறின. தூக்கம் மாறவில்லை.

பக்கத்து அட்டை இசக்கிசெல்வியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஒரகடத்தில் வாடகை அறையில் நான்கு பெண்களோடு தங்கியிருந்தவள். வாய் ஓயாது. ஆனால் அட்டையில் விழுந்தால் அவளும் கல்தான்.

இப்படியிருக்க, இரண்டாயிரத்துப் பதினான்கில் கம்பெனிக்குப் புது எச்ஆர் அதிகாரி வந்தார். பெயர் சண்முகசுந்தரம். கோவில்பட்டிக்காரர், இளவயசு, நல்ல மனசு. தொழிலாளி சந்தோஷமாக இருந்தால்தான் கம்பெனி சந்தோஷமாக இருக்கும் என்று எங்கோ படித்து, அதை உண்மை என்றும் நம்பினார். நம்பினதோடு விட்டாரா? கை கழுவும் இடத்தில் ஒரு பெரிய அட்டவணையை ஒட்டினார். அதில் மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்து, யாருக்கு என்ன மனநிலையோ அந்த முகத்தில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் போனவள் கனகம். அழுகிற முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அய்ய! செல்வி, இங்க வந்து பாரேன். இது நம்ம கண்ணப்பன் சாரு மாதிரியே கீது!"

கண்ணப்பன் லைன் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். சம்பளம் ஏறினாலும், பிள்ளை பாஸானாலும், முகம் மட்டும் இதோ அழப்போகிறேன் என்றே நிற்கும். பிறவி அமைப்பு.

கனகம் தன் ஸ்டிக்கரை அந்த முகத்தின் நெற்றியில், நட்ட நடுவில், பொட்டாக வைத்தாள்.

"எக்கா, பொட்டு மட்டும் வச்சா ஆச்சா? கம்மல் யாரு போடுவா?" என்று இசக்கிசெல்வி ஒரு காதில் ஒட்டினாள். அடுத்தவள் மறு காதில் ஒட்டினாள். அதற்கடுத்தவள் மூக்குத்தி. பிறகு நெக்லஸ், ஒட்டியாணம், நெத்திச்சுட்டி. ஷிப்ட் முடியும்போது அழுகிற முகம் ஆடி வெள்ளிக்கிழமை அம்மன்போல் சர்வாலங்காரத்தோடு ஜொலித்தது. சிரிக்கிற முகத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதை ஒட்டியவர் கண்ணப்பன்.

சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கம்பெனியே அழுகிறது! அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் பறந்தது. அங்கிருந்து பதிலும் பறந்து வந்தது: உடனே தொழிலாளர் நல்வாழ்வுத் திட்டம் ஆரம்பி.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவர் மைக்கைப் பிடித்தார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"உங்க சோகம் எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. இனிமே நீங்க தனியா அழ வேண்டாம். நாளையிலருந்து சாப்பிட்டு முடிச்சதும் மீதி நேரம் முழுக்க எல்லாருக்கும் சிரிப்புப் பயிற்சி, யோகா. கட்டாயம்."

பெண்கள் கையில் பிசைந்த சோற்றோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் அழுதது?

கேன்டீனுக்குப் பின்னால் கிடந்த அட்டைகள் அன்று மாலையே பழைய சாமான் வண்டியில் ஏறின. அந்த இடத்தில் பூந்தொட்டிகள் வந்து உட்கார்ந்தன. "இது பசுமை மூலை. படுக்கக் கூடாது" என்று ஒரு பலகை. கனகம் அந்தப் பலகையைப் பார்த்த பார்வையில் குரோட்டன்ஸ் செடி ஒன்று அந்த வாரமே பட்டுப்போனது.

நேராக எச்ஆர் அறைக்குப் போனாள்.

"சார், நாங்கோ யாரும் அழுவல சார்."

"அக்கா, மறைக்காதீங்க. டேட்டா பேசுது."

"அது கண்ணப்பன் சாரு ஜாடையா இருந்துச்சுன்னு பொட்டு வெச்சோம் சார். நான்தான் மொதல்ல வெச்சேன்."

சண்முகசுந்தரம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கஷ்டத்தக் காமெடியா மாத்திக்கிறீங்க. ரொம்ப அழுத்தத்துல இருக்கிறவங்க இப்படித்தான் செய்வாங்கன்னு படிச்சிருக்கேன்."

"அழுத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். எங்கள மத்தியானத்துல கொஞ்சம் தூங்க வுடு. அதான் எங்களுக்கு சந்தோஷம்."

"தூக்கம் ஒரு ஆக்டிவிட்டி இல்லக்கா. போட்டோ எடுத்தா நல்லா இருக்காது."

தன் தூக்கத்தில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று கனகம் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சிரிப்புப் பயிற்சி தொடங்கியது. இருநூறு பெண்கள் சாம்பார் சாதம் நெஞ்சிலேயே நிற்க, கைகளைத் தூக்கி, "ஹோ ஹோ, ஹா ஹா" என்றார்கள். கனகம் கண்ணை மூடியபடி சிரித்தாள். சில சமயம் "ஹோ" சொன்னவள் அடுத்த "ஹோ"வுக்கு வந்து சேரவே இல்லை.

வீட்டில் நிலைமை மோசமானது. ஒருநாள் இட்லி மாவைக் கொண்டுபோய் எருமைக்கு வைத்துவிட்டு, கழுநீரை இட்லித் தட்டில் ஊற்ற நின்றாள். எருமைக்குச் சந்தோஷம். சொர்ணம்மாளுக்கு இல்லை.

"இன்னாடி இது? கம்பெனில மூட்ட தூக்க வெக்கிறானுங்களா?"

"இல்ல அத்த. சிரிக்க வெக்கிறாங்கோ."

"சிரிக்கிறதுக்கா சம்பளம் தரான்?"

இன்னொரு நாள் பஸ்ஸில் தன் ஊர் வந்ததே தெரியாமல், படப்பையில் பஸ் நிறுத்தும் ஷெட் வரைக்கும் போய்விட்டாள். ஊர் வரும்போது தானாக விழித்துக்கொள்ளும் வித்தை அவளை விட்டுப் போயிருந்தது. தணிகாசலம் டிவிஎஸ் வண்டியில் போய் அழைத்து வந்தான். பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கியவள், வீட்டு வாசலில் இறங்கி, தூக்கத்திலேயே வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே போனதாக எதிர்வீட்டு முனியம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

சிரிப்புக்கு அடுத்தபடியாக யோகா வந்தது. தாம்பரத்திலிருந்து சுகப்பிரியா என்ற இளம்பெண் டீச்சராக வந்தாள். மரம்போல் நிற்க வைத்தாள், ஒட்டகம்போல் வளைய வைத்தாள், பாம்புபோல் நெளிய வைத்தாள். கடைசியில், "இப்ப சவாசனம். எல்லாரும் மல்லாந்து படுங்க. கண்ண மூடுங்க. உடம்ப அப்படியே தளர விடுங்க. எதையும் யோசிக்காதீங்க" என்றாள்.

கனகத்தின் கண்கள் பல நாட்களுக்குப் பிறகு முழுசாகத் திறந்தன.

"இன்னொரு தபா சொல்லு டீச்சர்?"

"மல்லாந்து படுங்க, கண்ண மூடுங்க."

"எக்கா, பேர கவனிச்சியளா? சவமாம்" என்று இசக்கிசெல்வி கிசுகிசுத்தாள்.

"பேரு கெடக்குது போ. படுக்க வுடுறாங்களா, அத்தப் பாரு."

ஆனால் அந்த ஆசனம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அதை எப்படி நீட்டுவது? கனகம் மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தாள். மரம்போல் நிற்கச் சொன்னபோது, "பஸ்ஸுல தெனம் அதான் டீச்சர் பண்றோம். புதுசா எதுனா இருந்தா சொல்லு" என்றாள். மரம் போனது. ஒட்டகத்தின்போது ஆளாளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் முனகினார்கள். ஒட்டகமும் போனது. பாம்பு வந்ததும் கனகம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆடி மாசம் டீச்சர். புத்துக்குப் பாலு ஊத்தாம, நாகாத்தம்மா மாதிரி நெளிஞ்சி காட்டினா அவளுக்குக் கோவம் வராதா? உனுக்கு இன்னும் கண்ணாலம் ஆவல, பாத்துக்கோ."

சுகப்பிரியா பாம்பை அந்த நிமிஷமே கைவிட்டாள். ஒவ்வொரு ஆசனமாக இடத்தைக் காலி செய்ய, சவாசனம் கால் நீட்டிப் படர்ந்தது. ஆவணி பிறந்தபோது கனகம் பழைய கனகமாகியிருந்தாள். எருமைக்கு மறுபடி கழுநீர் கிடைத்தது.

அப்போதுதான் வந்தது ஆபத்து. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி விமானத்தில் வருகிறார், நல்வாழ்வுத் திட்டத்தைக் கண்ணால் பார்க்கப் போகிறார் என்று செய்தி. அவர் எதைப் பார்த்துச் சரி என்கிறாரோ அதுதான் இனி நிரந்தரம். அவர் உட்காரக் கூடத்தில் ஒரு மேடை போட்டார்கள். ஒத்திகையில் எல்லோரும் வழக்கம்போல் படுத்தார்கள். மேடையில் நின்று பார்த்த சண்முகசுந்தரம் அலறினார்.

"ஐயோ! இத்தன காலும் மேடையப் பாத்து இருக்கே! இங்கதான அவரு உக்காருவாரு? விருந்தாளிக்கு நேரா காலா? எல்லாரும் அப்படியே திரும்பி, தலைய மேடைப் பக்கம் வச்சுப் படுங்க."

மேடை இருந்தது வடக்கில். ஒரு தலைகூடக் கீழே சாயவில்லை.

"வடக்க தல வெக்கறதா?" என்றாள் கனகம்.

"எங்கூர்ல வடக்க தல வச்சுக் கெடத்தினா, அடுத்தாப்புல சங்குதான் ஊதுவாவ சார்" என்றாள் இசக்கிசெல்வி.

"அதெல்லாம் மூடநம்பிக்கை."

"செரி சார். நீ மொதல்ல படுத்துக் காட்டு, நாங்கோ படுக்கறோம்" என்றாள் கனகம்.

சண்முகசுந்தரம் தரையைப் பார்த்தார், வடக்கைப் பார்த்தார். கோவில்பட்டியில் இருந்த அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். படுக்கவில்லை.

"அப்ப இந்த ஐட்டமே வேண்டாம், தூக்கிருவோம். மரம், ஒட்டகம், பாம்பு போதும்."

கனகம் கணக்குப் போட்டாள். நாளைக்கு இது இல்லையென்றால் என்றைக்குமே இல்லை. பின்னால் அட்டையும் இல்லை, இங்கே ஆசனமும் இல்லை, வீட்டில் சொர்ணம்மாள். எழுந்து நின்று நான்கு திசையையும் சுற்றிப் பார்த்தாள். வடக்கே தலை வைத்தால் எமன். தெற்கே வைத்தால் கால் பெரியவர் மேல். மேற்கே வைத்தால் கால் கிழக்கே சமையல்கட்டைப் பார்க்கும், குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது.

"சார், கெழக்கால தல வெப்போம். ஆருக்கும் தோஷம் இல்லாத தெச."

"அப்ப கால்?"

எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். அங்கே கண்ணாடிக் கதவு. கதவில் தங்க எழுத்தில், "சண்முகசுந்தரம், மனிதவளம்."

"என் ரூம் அது!"

"நீ நம்ம வூட்டுப் புள்ள மாதிரி சார். புள்ளைக்கு நேரா அம்மாக்காரி கால் நீட்டினா குத்தமா?"

பிள்ளை என்று சொன்ன பிறகு எந்த மனுஷன் மறுப்பான்? மாலையே கண்ணப்பன் மஞ்சள் டேப்பை எடுத்து, தொழிற்சாலையில் சாமான் வைக்கக் கோடு போடுவதுபோல, கிழக்கு மேற்காக ஆளுக்கொரு கட்டம் ஒட்டிவிட்டார். ஒட்டும்போது அழுதுகொண்டே ஒட்டுவதுபோல் இருந்தது. அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார், கண்கள் மிளகாய்ப் பழம். மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். இருநூறு பேர் "ஹோ ஹோ" என்றதும் மனுஷன் திடுக்கிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சவாசனம். கொஞ்ச நேரம் படுத்து, டீச்சர் சொன்னதும் எழுந்து கைகூப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆனால் கனகம் அன்று கம்பெனி வாசலில் கோலம் போடுவதற்காக வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தவள். தலை கிழக்கே சாய்ந்ததும் அவள் இந்த உலகத்தில் இல்லை. மேட்டில் ஏறும் லாரிபோல் மெல்ல ஒரு குறட்டை புறப்பட்டது. அது இசக்கிசெல்வியைத் தொட்டது. அங்கிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவி, வரிசை வரிசையாகப் பரவி, சுவரில் முட்டித் திரும்பி வந்தது. இருநூறு பேரும் தூங்கிவிட்டார்கள்.

"மெல்ல எழுந்திருங்க" என்றாள் சுகப்பிரியா. யார் எழுந்தார்கள்? சண்முகசுந்தரம் பூனைபோல் வந்து கனகத்தின் காதருகே குனிந்தார்.

"அக்கா, எந்திரிங்கக்கா. முடிஞ்சு போச்சு. மானம் போகுதுக்கா."

கனகம் கண்ணைத் திறக்கவில்லை. "சும்மா இருப்பா. டேட்டா பேசிகினு கீது."

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். பெரிய அதிகாரியின் தலை நாற்காலி முதுகில் மல்லாந்திருந்தது. சந்தன மாலை மார்பில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவரை யார் எழுப்புவது? யாருக்கும் துணிச்சல் இல்லை. மின்விசிறி மட்டும் வேலை செய்தது.

கடைசியில் ஷிப்ட் சங்கு ஊதியது. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பினார்கள். பெரியவரும் துள்ளி எழுந்து, என்ன ஏது என்று தெரியாமல் பலமாகக் கைதட்டினார். பிறகு ஏதோ கேட்டார். இதை நடத்தியது யார் என்று கேட்கிறாராம். கண்ணப்பன் அழப்போகும் முகத்தோடு கனகத்தைக் காட்டினார்.

அவர் கனகத்தின் எதிரில் வந்து, கைகூப்பி, நிறையப் பேசினார். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்தார். "விமானத்துல ராத்திரி பூரா கண்ணே மூடலயாம். இங்கதான்... அதாவது... அவருக்கு ரொம்ப அமைதி கிடைச்சுதாம். இதத் தினமும் செய்யச் சொல்றாரு. மத்ததெல்லாம் வேண்டாமாம்."

"சாருக்கு வேணுன்னா நாளைக்கும் வரச் சொல்லு. நம்ம பக்கத்துல எடம் கீது" என்றாள் கனகம்.

அது "ஆழ்ந்த ஓய்வுத் திட்டம்" என்ற பெயரோடு பலகையில் ஏறியது. போட்டோவும் எடுத்தார்கள், நன்றாகவே விழுந்தது. மறுபடி மூன்று முகம் ஒட்டியபோது சிரிக்கிற முகத்தில் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. அழுகிற முகத்துக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. வெறும் நெற்றியோடு விடக் கனகத்துக்கு மனசு வரவில்லை.

கதை இதோடு நின்றிருந்தால் கனகம் கம்பெனியில் மட்டும்தான் ஜெயித்திருப்பாள். அந்த வருஷம்தான் பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊர் நன்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. மரக்கன்று நடலாமா என்றார்கள். வடக்குப்பட்டு ஆடுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சண்முகசுந்தரத்துக்கு வேறு யோசனை வந்தது. கம்பெனிப் பெண்களுக்குக் கிடைத்த ஓய்வு, ஊர்ப் பெண்களுக்கும் கிடைக்கட்டுமே! சொல்லிக்கொடுக்க யார்? கனகம். டூட்டி நேரத்திலேயே.

வடக்குப்பட்டு சமுதாயக் கூடத்தில் நீல நிறப் பாய்களை இலவசமாகக் கொடுத்தார்கள். பாய் வாங்க முதல் ஆளாக வந்து நின்றவள் சொர்ணம்மாள். வாங்கியதும் கிளம்பப் பார்த்தாள். வகுப்பில் படுத்தால்தான் பாய் சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள். பாயின் நடுவில் கம்புபோல் உட்கார்ந்தாள். எதிரே, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, மருமகள் நின்றாள்.

"எல்லாரும் கெழக்கால தல வெச்சிப் படுங்கோ" என்றாள் கனகம்.

"பகல்லயா?" என்றாள் சொர்ணம்மாள்.

"கம்பெனி ரூலு அத்த."

"லச்சுமி?"

"அதுக்கும் சேத்துத்தான் கம்பெனி செலவு பண்ணுது."

சொர்ணம்மாள் சுற்றிலும் பார்த்தாள். முனியம்மாள் எப்போதோ படுத்துவிட்டிருந்தாள். பாயையும் விட மனசில்லை. முதலில் ஒரு முழங்கையை ஊன்றினாள். பிறகு தோள். பிறகு, வெகு காலமாகப் பகலில் தரையைத் தொடாத அந்த முதுகு மெல்லத் தொட்டது. மகராசி எத்தனை வருஷத்துத் தூக்கத்தைச் சேர்த்து வைத்திருந்தாளோ! அவள் விட்ட குறட்டையில் கூடத்து ஓட்டில் இருந்த புறாக்கள் எழுந்து மணிமங்கலம் பக்கம் பறந்தன. கனகம் கேட்டு அசந்துபோனாள். இத்தனை நாள் தான்தான் பெரிய ஆள் என்றல்லவா நினைத்திருந்தாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்த கனகம் வாசற்படியிலேயே நின்றாள். கூடத்தில் நீலப் பாய் விரிந்திருந்தது. கிழக்கே தலைவைத்து மாமியார் படுத்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு பாயும் விரித்திருந்தது.

"இன்னா நின்னுகினு கீற? வந்து படு" என்றாள் சொர்ணம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"அத்த, வெளக்கு வெக்கிற நேரம் ஆவலயே. லச்சுமி எழுந்து போய்ட்டா?"

சொர்ணம்மாள் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் ஒரு கையை ஆட்டினாள்.

"பாவம், வர்சம் பூரா தாமரப் பூவுல நின்னுகினே கீறா. அவளும் கொஞ்ச நேரம் படுக்கட்டும்."